ஓவசியரின் ஞானஸ்நானம்

சவிரியார்துறை
20 செப்டெம்பர் 1936

ஓவசியர் கனகலிங்கம் அவர்களுக்கு,

நீங்கள் எழும்பி உட்காருகிறீர்கள், கஞ்சி குடிக்கிறீர்கள் என்று உங்கள் மச்சான் சிவசுப்பிரமணியம் அம்மாவுக்குப் போட்ட தபாலட்டையில் எழுதியிருந்தார். அம்மா அதை என்னைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்து அழுதார். நான் அழவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு மிச்சம் கிடந்தது.

நெருப்புக் காய்ச்சலில் நீங்கள் கண் திறக்காமல் கிடந்த கிழமையில் இங்கே நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. மச்சான் அக்கரையில் காரை நிறுத்தி, வள்ளத்தில் வந்து உங்களை ஏற்றியபோது சொல்லவும் முடியவில்லை, உங்கள் தாயார் பக்கத்தில் இருந்தார். இப்போது சொல்கிறேன். படுத்துக்கொண்டு படியுங்கள்.

பிலிப்பு சுவாமியார் இறந்துபோனார். மாதா பிறந்த திருநாளன்று பூசை முடித்து, கோவிலருகே தன் அறைவீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான். பட்டினத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று சுவாமிமாருக்குப் பெரியவர் மேற்றிராணியாரிடமிருந்து சொல்லி வந்தது. அடுத்த நாள் காலை ஊரிலிருந்த வள்ளம் அத்தனையும் அவருடைய பெட்டிக்குப் பின்னால் போனது. கோவிலில் செபம் சொல்லும் அண்ணாவியார், மூப்பர், பாட்டுக்காரர், கைக்குழந்தைகள் எல்லோரும் போனார்கள். எழும்ப முடியாத கிழடுகளும், றோட்டு வேலைக்கு வந்து எங்கள் முன்னறையில் வாடகைக்கு இருந்த ஒரு ஓவசியரும், அவரைப் பார்த்துக்கொள்ள நானும் அம்மாவும் மட்டும் மிஞ்சினோம்.

அன்று மத்தியானம் உங்களுக்குக் கை கால் குளிர்ந்தது. மூச்சு இழுத்தது. டாக்குத்தரைக் கூப்பிட ஒரு வள்ளம் இல்லை. அம்மா, "பிள்ளை, உவர் போகப்போறார்" என்றார்.

ஆறு மாதமாக பிலிப்பு சுவாமியார் உங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித் தந்தது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு உங்களுக்கு ஞானஸ்நானம், பிறகு அவரே மட்டுவிலுக்கு வந்து உங்கள் தாயாரோடு கதைப்பது, அதன்பிறகு நமது கலியாணம் என்று அவர்தான் ஒழுங்கு வைத்திருந்தார். அவர் பெட்டிக்குள் கிடந்தார். நீங்கள் பாயில் கிடந்தீர்கள்.

சாகக் கிடப்பவருக்குச் சுவாமியார் இல்லாத இடத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதை வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். செம்பில் தண்ணீர் எடுத்து உங்கள் நெற்றியில் ஊற்றினேன். பிலிப்பு என்று பெயர் வைத்தேன். வேறு பெயர் அந்த நேரம் வாயில் வரவில்லை.

பின்னேரம் உங்களுக்கு வியர்த்தது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உடம்பு தேறும் மட்டும் உங்கள் வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம்.

மக்டலீன்

*

மட்டுவில் தெற்கு
1 ஒக்டோபர் 1936

மக்டலீனுக்கு,

நீர் சொன்னபடி படுத்துக்கொண்டுதான் படித்தேன். படித்த பிறகு எழும்ப முடியவில்லை.

சுவாமியார் இல்லை என்பதை மனம் இன்னும் வாங்கவில்லை. திருநாளுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை என் பாயருகே குந்தியிருந்து, "ஓவசியர், றோட்டு எந்தமட்டிலை நிக்குது?" என்று கேட்டார். சதுப்புக்குப் பக்கத்தில் கல் போட்டால் கீழே போகிறது என்றேன். அவர் சிரித்தார். அதுதான் கடைசி நினைவு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பிறகு என் தாயாரின் முகம், காரின் சத்தம்.

என் வாழ்க்கையில் நடந்த ஆகப்பெரிய காரியத்துக்கு எல்லோரும் வந்திருக்கிறீர்கள், நான் மட்டும் வரவில்லை. கோபமா என்று கேட்டால் தெரியாது. நான் நத்தாருக்கென்று மனதை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தவன். வெள்ளை வேட்டி வாங்கி வைத்திருந்தேன். நீர் ஊற்றும்போது நான் என்ன சொன்னேன்? ஏதாவது சொன்னேனா?

அம்மா தினமும் காலையில் திருநீறு கொண்டுவந்து பூசுகிறார். நான் பிழைத்தால் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்குவதாக நேர்ந்திருக்கிறார். நீர் தண்ணீர் ஊற்றிய அதே நெற்றியில் அவர் கை படுகிறது. அழித்தால் அம்மாவுக்குத் துரோகம். விட்டால் யாருக்குத் துரோகம்? முன்பென்றால் சுவாமியாரைக் கேட்பேன்.

என்ன பெயரில் கையெழுத்து வைப்பது என்று தெரியவில்லை. பழையதையே வைக்கிறேன்.

கனகலிங்கம்

*

சவிரியார்துறை
10 ஒக்டோபர் 1936

கனகலிங்கம் அவர்களுக்கு,

"ஏதாவது சொன்னேனா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ நீங்கள் தூங்கும்போது உங்கள் சட்டைப் பைக்குள் நான் கைவிட்டது போல.

நான் உங்களைக் கேட்டேன். உங்கள் காதோடு குனிந்து, "சுவாமியிட்டைக் கேட்டதை இப்ப நான் தரட்டோ?" என்று கேட்டேன். நீங்கள் தலையாட்டினீர்கள். ஒரே தரம்தான், ஆனால் ஆட்டினீர்கள். நான் என் கண்ணால் கண்டேன். அம்மா காணவில்லை. அவர் முழந்தாளில் நின்று, முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

திருநீற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. இங்கே யாரைக் கேட்பது? யாரோடு கதைத்தாலும் "சுவாமி எனக்குச் சொன்னவர்" என்றுதான் தொடங்குகிறார்கள். பெருநாளில் மாதாவின் சுருபக் கூட்டைத் தாங்கள் முதலில் தூக்கலாம் என்று சுவாமி சொன்னாராம் மேலைக்கரையாருக்கு. கீழைக்கரையாருக்கும் அதையே சொன்னாராம். மூன்று நேரமும் மணி அடிக்கச் சொன்னவர் என்கிறார் மூப்பர். தன்னைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று சொன்னவர் என்கிறார் அண்ணாவியார். இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அன்று மணியே அடிக்கவில்லை, சனம் செபமாலைக்கு வரவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது எல்லோருக்கும் "பிறகு பாப்பம்" என்று சொல்லி அனுப்பினார் என்பது உங்களுக்குத் தெரியும். நம் இரண்டு பேருக்கும்கூட அதைத்தான் சொன்னார். இப்போது எல்லோருக்கும் அந்தப் பிறகு வந்துவிட்டது, அவர்தான் இல்லை.

ஒரு விஷயம் எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அண்ணாவியார் பட்டினத்திலிருந்து வந்ததும், "எங்கடை ரீச்சர் ஒரு ஆத்துமத்தைக் காப்பாத்திப்போட்டா" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டார். அதைக் கேள்விப்பட்டு கன்னியர் மடத்திலிருந்து பெர்னடெட் சிஸ்டர் வந்து என் கையைப் பிடித்து வாழ்த்தினார். எனக்கும் பெருமை தலைக்கேறிவிட்டது. கலியாணப் பேச்சையும் சொல்லிவிட்டேன். சிஸ்டரின் முகம் மாறியது. "பிள்ளை, ஞானஸ்நானம் குடுத்தவ அவருக்கு ஞானத்தாய் மாதிரி. தாயும் மகனும் கலியாணம் முடிக்கேலாது" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிஸ்டர் எதையோ மாறிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நீங்களும் அப்படியே நினையுங்கள்.

மக்டலீன்

*

மட்டுவில் தெற்கு
17 ஒக்டோபர் 1936

மக்டலீனுக்கு,

அப்படியே நினைக்க முயன்றேன். முடியவில்லை.

என்னைக் காப்பாற்றவென்று செய்தீர். அதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் அந்த அறையில் உமது அம்மாவும் இருந்தாரே. யாரும் ஊற்றலாம் என்றால் அவரும் ஊற்றியிருக்கலாமே. எனக்கொரு ஞானத்தாய் கிடைத்திருப்பார், உம்மையும் நான் முடித்திருப்பேன். ஏன் நீர்?

நான் கல்லும் தாரும் தெரிந்தவன். உங்கள் வேதத்தில் ஆறு மாதம் படித்ததில் இப்படியொரு சட்டம் இருக்கிறது என்று சுவாமியார் ஒருநாளும் சொல்லவில்லை. அம்மா இப்போது கத்தரிக்காய்க் குழம்பு தருகிறார். ருசி தெரிகிறது. மற்றதொன்றும் தெரியவில்லை. நீர் எனக்கு யார் என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை எப்படி முடிப்பது?

கனகலிங்கம்

*

சவிரியார்துறை
3 நவம்பர் 1936

கனகலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் அது கடிதமாக இருந்திருக்காது. ஆறவிட்டு எழுதுகிறேன்.

ஏன் நான் என்று கேட்டீர்கள். அம்மாவின் கை நடுங்கியது, செம்பு பிடிக்க முடியவில்லை. அண்ணாவியாருக்கும் சிஸ்டருக்கும் நான் சொன்ன பதில் அது, பொய்யும் இல்லை. உங்களுக்கு முழுவதையும் சொல்கிறேன். அம்மாவின் கை நடுங்காமல் இருந்திருந்தாலும் நான் செம்பைக் கொடுத்திருக்க மாட்டேன். நீங்கள் போகப்போகிறீர்கள் என்று நினைத்தேன். போகிறவருக்கு என் கையால் ஒன்று கொடுக்க ஆசைப்பட்டேன். வேறு எதைக் கொடுக்க எனக்கு உரிமை இருந்தது? உங்களைத் தொட்டு ஒரு முகம் துடைக்கவும் அம்மாவின் உத்தரவு வேண்டியிருந்தது.

நேற்று ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பக்கத்துப் பங்கிலிருந்து செபஸ்தியான் சுவாமியார் வந்தார். இனி இரண்டு கிழமைக்கு ஒருதரம் அவர்தான் வருவார். வயது குறைவு, எங்கள் ஊர் அவருக்குப் பழக்கமில்லை. எங்கள் சேமக்காலையில் பிலிப்பு சுவாமியாரின் கல்லறை இல்லை என்ற ஆத்திரம் சனத்துக்கு இன்னும் ஆறவில்லை. அவரை வைத்திருக்க வேண்டிய இடம் என்று வெறும் நிலத்தைக் காட்டி, அதை மந்திரிக்கும்படி சுவாமியாரை நெருக்கினார்கள். "இதுக்குள்ளை ஒருத்தரும் இல்லையே" என்றார் அவர். "இருக்க வேண்டியவர், சுவாமி" என்றார் மூப்பர். பாவம், அவர் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு ஒருவரையும் பாராமல் நடந்தார்.

அதன்பிறகு நான் அவரிடம் போனேன். சிஸ்டர் சொன்னது சரியாம். ஞானஸ்நானம் கொடுத்தவளும் பெற்றவரும் கலியாணம் முடிக்க முடியாது. மேற்றிராணியாரிடம் உத்தரவு கேட்கலாமாம், வழக்கமாகக் கொடுப்பார்களாம். ஆனால் அதற்கு முதல் நான் ஊற்றியது செல்லுமா என்று தெரிய வேண்டுமாம். வயதுவந்த மனிதர் தானாக விரும்பினால்தான் செல்லும். விரும்பாதவர் தலையில் ஊற்றினால் அது வெறும் தண்ணீர்.

"அவர் விரும்பினவரோ?"

"தலையாட்டினவர், சுவாமி."

"அவர் என்ன சொல்லுறார்?"

"ஞாபகமில்லையாம்."

சுவாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்டால் அவரிட்டையும் நான் கேக்கவேணும்" என்றார்.

அது செல்லுமென்றால் நான் உங்கள் ஞானத்தாய். உத்தரவு வந்தால் கலியாணம் நடக்கும். உத்தரவு வந்ததும் நான் தாயாக இல்லாமல் போய்விடுவேனா, அல்லது தாயாக இருந்துகொண்டே உங்களை முடிப்பேனா? செல்லாதென்றால் தடை ஒன்றும் இல்லை. நீங்கள் சுவாமியாரிடம் முறையாகப் பெற்றுக்கொண்டு என்னை முடிக்கலாம். ஆனால் அன்று நீங்கள் இறந்திருந்தால், நான் உங்களை வெறும் தண்ணீரோடு அனுப்பியிருப்பேன். எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

கிணற்றடியில், "ரீச்சரின்ரை மகன் எப்பிடியாம்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

மக்டலீன்

*

மட்டுவில் தெற்கு
11 நவம்பர் 1936

மக்டலீனுக்கு,

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் ஊரிலிருந்து சிசிலியா என்று ஒரு கருவாட்டுக்காரி சாவகச்சேரிச் சந்தைக்கு வருவாளாம். அம்மா அவளிடம் சீலாக் கருவாடு விலை கேட்டிருக்கிறார். எந்த ஊர் அம்மா என்று அவள் கேட்க, மட்டுவில் என்று சொல்ல, அவளுக்கு ஒரே சந்தோஷம். "எங்கடை ஓவசியற்றை தாயோ நீங்கள்? மோன் எங்கடை வேதத்திலை சேந்திட்டார், தெரியுமோ? மக்டலீன் ரீச்சர்தான் ஊத்தினவ" என்று சொல்லி, விலை வேண்டாம் என்று கருவாட்டையும் கையில் வைத்துவிட்டாள்.

அம்மா கருவாட்டோடு வீட்டுக்கு வந்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. சமைத்து எனக்குப் போட்டார். நான் சாப்பிட்டு முடியும்வரை எதிரே இருந்தார். பிறகு சொன்னார்: "மோனை, நீ அறியாமல் நடந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. அது காணும். நான் வேறொண்டும் கேக்கமாட்டன்."

என் தாய் தங்கமுத்துவின் முகம் மட்டும்தான் உமக்குத் தெரியும். அப்பா இறந்தபோது எனக்கு ஐந்து வயது. தோட்டத்துக்குத் தானே துலா மிதித்து இறைத்து என்னைப் படிப்பித்தவர். எதையும் இரண்டாம் தரம் கேட்காதவர். நான் எழும்பிக் கை கழுவப் போனேன்.

எனக்கு இப்போது ஒரு யோசனை ஓடுகிறது. உமக்குப் பிடிக்காது, ஆனாலும் எழுதுகிறேன். அம்மா கேட்கிற அதே சொல்தான் உங்கள் சுவாமியாருக்கும் வேண்டியிருக்கிறது. "நான் அறியவில்லை" என்று சொன்னால் அம்மாவின் மனம் ஆறும். உங்கள் கோவிலில் தடையும் போகும். பிறகு பொறுத்து, முறையாகச் சேர்ந்து உம்மை முடிக்கலாம். அது பொய்யும் இல்லை, எனக்கு உண்மையிலேயே நினைவில்லை. ஒரே இடைஞ்சல், நான் தலையாட்டினேன் என்று நீர் சொல்கிறீர்.

சொல்லட்டுமா?

கனகலிங்கம்

*

சவிரியார்துறை
15 நவம்பர் 1936

சொல்லுங்கள். யார் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

உங்கள் தாயாருக்கும் ஆறுதல், உங்களுக்கும் வசதி. ஒரு ரீச்சர் காய்ச்சலில் கிடந்த வருத்தக்காரரின் தலையை நனைத்துவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசினாள் என்று முடியும். அதுவும் நல்லதுதான், சனத்துக்குச் சிரிக்க வேறொன்று கிடைக்கும்.

ஆனால் "ஒரே இடைஞ்சல்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடைஞ்சல் நான். நான் கண்டேன். செபஸ்தியான் சுவாமியாருக்கும், மேற்றிராணியாருக்கும், கடைசி நாளில் ஆண்டவருக்கும் கண்டேன் என்றுதான் சொல்வேன். நீங்கள் இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருக்க என் கண்ணைக் குருடாக்க வேண்டாம்.

இனிமேல் எழுத வேண்டாம்.

மக்டலீன்

*

மட்டுவில் தெற்கு
29 நவம்பர் 1936

மக்டலீனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர். இரண்டு கிழமை பொறுத்தேன். இனி முடியாது.

நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. உமக்குப் பயந்து அல்ல. அம்மாவுக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன், "எனக்குத் தெரியாதம்மா" என்றுதான் வந்தது. அம்மா, "அது ஒரு சொல்லோ?" என்று கேட்டுவிட்டு எழும்பிப்போனார். சரியான கேள்விதான்.

உமக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. காய்ச்சல் தொடங்குவதற்கு முதல் வெள்ளிக்கிழமை நான் சுவாமியாரிடம் போய், நத்தார்வரை ஏன் பொறுக்க வேண்டும், இப்போதே தாருங்கள் என்று கேட்டேன். அவர், "வேதத்துக்காகக் கேக்கிறீரோ, அந்தப் பிள்ளைக்காகக் கேக்கிறீரோ?" என்றார். இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் முயன்றதில்லை. முயன்றபோது பிரிக்கவும் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்லும், பிறகு பாப்பம்" என்று அனுப்பிவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முதல் காய்ச்சல் வந்தது, அவர் போனார், நீர் ஊற்றினீர்.

ஆகவே நான் தலையாட்டினேன் என்றே வைத்துக்கொள்வோம். எதற்கு ஆட்டினேன்? ஆண்டவருக்கா? காதோடு கேட்ட உமது குரலுக்கா? நீர் அந்த நேரம் "கடலிலை குதியுங்கோ" என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. இதை எந்தச் சுவாமியாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது?

உம்முடைய கண்ணை நான் குருடாக்கவில்லை. நீர் கண்டதை நானும் காண ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான். எனக்கு உம்மை முடிக்க வேண்டும். அதில் மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை.

கனகலிங்கம்

*

சவிரியார்துறை
8 டிசெம்பர் 1936

அன்புள்ள கனகலிங்கம் அவர்களுக்கு,

இன்று அமலோற்பவ மாதா திருநாள். பூசை இல்லை. மணி அடித்தது, அண்ணாவியார் செபம் சொன்னார், நாங்கள் வெறும் பீடத்தைப் பார்த்துக்கொண்டு பாடினோம்.

போன புதன்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பயப்பட வேண்டாம், மழைக் காய்ச்சல்தான். இப்போது எழும்பி என்னோடு சண்டை பிடிக்கிறார். அன்று அவர் அயர்ந்து கிடந்தார். கொத்தமல்லித் தண்ணீர் பருக்கவென்று இடது கையை அவருடைய பிடரிக்குக் கீழே கொடுத்து, வலது கையில் கோப்பையோடு தூக்கினேன். "அம்மா, தரட்டோ?" என்று கேட்டேன். அம்மாவின் தலை சரிந்து, நாடி மெதுவாக நெஞ்சில் பட்டு எழும்பியது. தலையாட்டிவிட்டார் என்று கோப்பையை வாயில் வைத்தேன். தண்ணீர் கடைவாயால் வழிந்தது. அம்மா நித்திரை.

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொருதரம் தூக்கினேன். இன்னொருதரம் நாடி பட்டு எழும்பியது. ஆட்டியது என்னுடைய கை.

அன்றைக்கும் உங்கள் பிடரிக்குக் கீழே என் இடது கை இருந்தது. இருக்காமல் தண்ணீர் ஊற்ற முடியாது, பாயெல்லாம் நனைந்திருக்கும். முதலில் கேட்டுவிட்டுத் தூக்கினேனா, தூக்கிக்கொண்டு கேட்டேனா? இந்த ஒரு கிழமையாக அந்த அறைக்குள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். ஒருநாள் நீங்களாக ஆட்டுகிறீர்கள். அடுத்த நாள் என் கை ஆட்டுகிறது. பார்க்கப் பார்க்க இரண்டும் மங்கிப்போகிறது.

என் கண்ணைக் குருடாக்க வேண்டாம் என்று உங்களைத் திட்டினேன். என் கையின் அசைவை உங்கள் மனம் என்று நினைத்துக்கொண்டு உங்களோடும், உங்கள் தாயாரோடும், ஊரோடும் சண்டை பிடித்திருக்கிறேன். அல்லது அது உங்கள் மனமேதானோ, அதுவும் தெரியாது. வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. அன்று நீங்கள் போயிருந்தால், உங்களை மோட்சத்துக்கு அனுப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் நான் கிழவியாகும்வரை இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியான் சுவாமியார் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கையைக் கொடுத்துக் காட்டச் சொன்னார். அறைவீட்டில் கிடந்த ஒரு தலையணையைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, பிறகு நான் அழுதுவிட்டேன். "பிள்ளை, பிலிப்பு சுவாமியார் இருந்தாலும் இதுக்கு விடை அவருக்குத் தெரிஞ்சிராது" என்றார். மூன்று மாதத்தில் எனக்கு ஆறுதலாகக் கேட்ட முதல் வார்த்தை அது.

தெரியாது என்பதே போதுமாம். தெரியாதபோது செய்ய ஒரு முறை இருக்கிறதாம். அவர் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றும்போது, "நீ முன்னமே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்" என்று சொல்லி ஊற்றுவார். நான் ஊற்றியது சென்றிருந்தால் அவருடையது ஒன்றுமில்லை. செல்லாதிருந்தால் அவருடையதுதான் செல்லும். எதற்கும் இருக்கட்டும் என்று மேற்றிராணியாரிடம் கலியாணத்துக்கு உத்தரவும் கேட்டு எழுதிவிட்டார். நத்தாருக்கு முதல் கலியாணம் வைக்க மாட்டார்கள். தையில் வைக்கலாம் என்றார்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, பத்தொன்பதாம் திகதி, அவர் இங்கே வருவார். ஆனால் நீங்கள் உங்கள் வாயால் விரும்பிக் கேட்க வேண்டும். வேறு ஒருவரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது. வராவிட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். உங்கள் தாயார் கேட்ட சொல்லைச் சொல்லுங்கள், இப்போது அது பொய்யென்று சொல்ல என்னாலும் முடியாது. நீங்கள் அங்கேயே இருந்துவிட்டால் நான் தாங்கமாட்டேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மக்டலீன்

*

மட்டுவில் தெற்கு
15 டிசெம்பர் 1936

என் மக்டலீனுக்கு,

உமது கடிதம் வந்த அன்று மழை. அம்மா அடுப்படியில் இருந்தார். நான் போய்ப் பலகையைப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். இரண்டாம் தரம் கேட்காத மனுஷிக்கு நானாகத்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா, முதல் தரம் நான் அறியேல்லை" என்றேன்.

அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று உமக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. என் தலையைப் பிடித்துத் தன்னோடு அணைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் மோனை, எனக்குத் தெரியும்" என்றார். நான் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஆண்டவர் என்னை மன்னிக்க வேண்டும்.

பிறகு சொன்னேன்: "சனிக்கிழமை போறன். இந்தத் தரம் அறிஞ்சு போறன்."

அவருடைய கை என் தலையிலிருந்து எடுபடவில்லை. பாரம் மட்டும் குறைந்தது. பிறகு, "அந்தப் பிள்ளைக்காகவோ?" என்று கேட்டார்.

"ஓம். அதுக்காகவும்."

"மற்றதுக்காக?"

"மற்றதுக்காகவும். எனக்குப் பிரிக்கத் தெரியேல்லை, அம்மா."

"அறியாமல் செய்திருந்தால் நான் பொறுத்திருப்பன்" என்றார். அவ்வளவுதான். அவர் கேட்ட ஒரு சொல்லை நான் கொடுத்தேன். கொடுத்த கையோடு அதைப் பறித்தும் விட்டேன். அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. சோறு போடுகிறார், தண்ணீர் வைக்கிறார், முகம் பார்ப்பதில்லை. தைக் கலியாணத்துக்கு அவர் வரமாட்டார். பிறகு ஒருநாள் வருவாரா என்று எனக்குத் தெரியாது. நான் போய் வாசலில் நிற்பேன். திறந்தால் திறக்கட்டும். இந்த வலியை உம்மிடம் மறைக்கப்போவதில்லை, நீரும் அதை ஆற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

உமது தண்ணீரா சுவாமியாரின் தண்ணீரா என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சிலநாள் ஒன்றென்றும் சிலநாள் மற்றதென்றும் நினைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவேன். கிணற்றடியில் கேட்பவர்களுக்கு ரீச்சரின் மகன் நடக்கிறார் என்று சொல்லும். வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் பட்டினம் வந்து, சனி விடிய வள்ளம் எடுப்பேன்.

சுவாமியார் உம்மைத் தள்ளி நிற்கச் சொல்வார் என்று நினைக்கிறேன். சொன்னால் நில்லும். பெண்கள் பக்கத்தில், கடைசித் தூணோடு நின்றாலும் பரவாயில்லை. விரும்புகிறீரா என்று அவர் என்னைக் கேட்கும்போது நான் தலையாட்டமாட்டேன். அந்தத் தூண்வரை உமக்குக் கேட்கும்படி வாய்திறந்து சொல்வேன்.

கனகலிங்கம்